மறைத்து வைத்த பதினொரு வரிகள்

2006 பெப்ரவரி 20, திங்கள்

கொம்பியூட்டர் இன்றைக்கு மூன்று தரம் நின்றுவிட்டது. மூன்றாம் தரம் நான் எழும்பிப் போய் வாசலில் நின்றேன், வரும்போது வரட்டும் என்று. இருபது நிமிடம் கழித்து வந்தது. இந்தக் கடற்காற்றில் ஆணியே கறள் பிடிக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற கம்பி மட்டும் என்ன செய்யும்?

திங்கட்கிழமைப் பட்டியல் எப்படியோ அச்சாகிவிட்டது. அறுபத்திரண்டு வள்ளம், அறுபத்திரண்டு பெயர், விலாசம், கடலுக்குப் போகக் கடற்படை தருகிற பாஸின் இலக்கம், அடையாள அட்டை இலக்கம். பத்து மணிக்கு முன் அவர்களின் கடற்கரை முகாமில் கொடுத்தாயிற்று. அந்தத் தாளில் பெயர் இல்லாதவன் சல்லிக் கரையில் வள்ளம் தள்ள ஏலாது. எட்டு வருடமாக இந்த மீனவர் சங்கக் கந்தோரில் நான் செய்கிற வேலைகளுக்குள் அது ஒன்றுதான் உண்மையான வேலை.

மத்தியானம் தலைவர் கனகசுந்தரம் ஒரு புதினத்தோடு வந்தார். சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு உதவுகிற நிறுவனம் கடிதம் போட்டிருக்கிறதாம். காசு கொடுத்து வாங்காத கள்ள விண்டோஸ் பாவிக்கிற சங்கங்களுக்கு இனி உதவி இல்லை. சும்மா கிடைக்கிற லினக்ஸ் என்ற ஒன்றைப் போடவேண்டும்.

"அதுக்கெண்டு ஒரு ஆளை அனுப்புவினமாம், பிள்ளை. நீர் பக்கத்தில இருந்து பழகும்."

நாற்பத்துமூன்று வயதில் நான் பிள்ளை. பழகும் என்கிறார். இந்தப் பழைய பெட்டியைப் பழகவே ஒரு வருடம் அழுதவள் நான். அதெல்லாம் தலைவருக்கு எங்கே தெரியும், அவர் அதன் மேல் தொப்பி வைக்கிறதோடு சரி.

பெப்ரவரி 21

நேற்றுக் கேட்டதில் இருந்து ஒரே யோசனை. காரணத்தை இங்கேயாவது எழுதவேண்டும்.

பட்டியலில் இருப்பது அறுபத்திரண்டு வரி அல்ல. எழுபத்துமூன்று. பதினொரு வரியை நான் மறைத்து வைத்திருக்கிறேன்.

போன வருடம் தை மாதம், சுனாமியில் போன எட்டுப் பேரையும் வெட்டிவிடச் சொன்னார் தலைவர். முதல் பெயருக்குப் போய் டிலீட்டில் விரலை வைத்தேன். முடியவில்லை. எல்லாரும் இந்தக் கதிரைக்கு முன்னால் வந்து நின்று என்னோடு சண்டை பிடித்த ஆட்கள். அப்போதுதான் ஹைட் என்ற சொல்லைக் கண்டேன். அழுத்தினால் வரி மறைந்துவிடும். பதினேழாம் இலக்கத்துக்குப் பிறகு பத்தொன்பது வரும், அவ்வளவுதான். தாளில் வராது, பெட்டிக்குள் இருக்கும். யாருக்கு என்ன நட்டம்? பிறகு குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போன இரண்டு பேரை அப்படி வைத்தேன்.

பிறகு இவரை.

நவம்பர் 19 பின்னேரம் கடலுக்குப் போனவர். மூன்றாம் நாள் புல்மோட்டைப் பக்கம் வள்ளம் மிதக்கிறது என்று செய்தி வந்தது. வலை இருந்தது. நான் கட்டிக் கொடுத்த சோற்றுப் பெட்டி இருந்தது. எஞ்சினில் பாதி எண்ணெய் இருந்தது. ஆள் இல்லை. பாஸும் இல்லை, அதை எப்போதும் சட்டைப் பைக்குள்தான் வைத்திருப்பார். பொலிசில் காணவில்லை என்று முறைப்பாடு எழுதினோம். வள்ளத்தை இவரின் தம்பி இராசதுரை இழுத்து வந்து கரையில் ஏற்றி வைத்தான். ஒருவரையும் தொட விடவில்லை நான்.

எட்டுப் பேருக்கும் மரண அத்தாட்சி இருக்கிறது. இந்தியாவுக்குப் போன இரண்டு பேருக்கும் அகதி முகாமில் இருந்து கடிதம் வருகிறது. இவருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்றும் இருக்கலாம்தானே?

இப்படி நினைக்கிறேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெப்ரவரி 23, வியாழன்

ஆள் வந்துவிட்டான். சரீப். கிண்ணியா, குறிஞ்சாக்கேணி. இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். காலைப் பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறித் துறை கடந்து, இரண்டு பஸ் மாறி, சட்டை நனைந்து வந்தான். தேத்தண்ணி குடிக்கிறீரா என்றதற்கு, "முதல்ல பெட்டியப் பாப்பம் அக்கா" என்றான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இவ்வளவு நாளும் ஓடினதே பெரிய விசயம்" என்றான். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது, ஏனோ தெரியாது.

அவன் போட்ட லினக்ஸில் எல்லாம் தமிழ். கோப்பு, திருத்து, சேமி, அச்சிடு. எனக்குப் பிடிக்கவில்லை. இங்கிலீசில் இருந்தபோது எந்தப் படத்தை எங்கே அழுத்துவது என்று கைக்குத் தெரியும், சொல்லைப் பார்க்கிறதே இல்லை. இப்போது ஒவ்வொன்றும் என்னோடு கதைக்கிறது.

"தமிழ்ல இரிக்கிறது லேசுதானே அக்கா?"

"எனக்கு லேசில்ல, தம்பி."

சிரித்தான். நல்ல பிள்ளை.

பெப்ரவரி 24

அரை நாள் 'அச்சிடு' எங்கே என்று தேடினேன். பழைய இடத்தில் இல்லை.

மார்ச் 1, புதன்

இன்றைக்குப் பட்டியலை மாற்றினோம். பழைய கோப்பைப் புதியதில் நேரே திறந்தால் கட்டங்கள் குழம்புகின்றன. அதனால் வெறும் எழுத்தாக எடுத்து, பிறகு புதிய கட்டத்துக்குள் ஊற்றப்போவதாகச் சொன்னான் சரீப்.

"எதையும் விட வேணுமா அக்கா? பழசு, பாவிக்காதது?"

மறைத்து வைத்தவை போய்விடுமோ என்ற ஒரு பயம்தான் ஒரு கிழமையாக. சொல்லவும் வெட்கம். பைத்தியம் என்று நினைப்பான்.

"அதில இருக்கிறது எல்லாம் வேணும். ஒண்டும் விடக்கூடாது" என்றேன்.

"சரி அக்கா. ஒண்டும் விட மாட்டன்."

பின்னேரம் முடித்துவிட்டுப் போனான். பழைய விண்டோஸ் போய்விட்டது. திறந்து பார்க்க மனம் வரவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம்.

மார்ச் 6, திங்கள்

மின்சாரம் ஒன்பதரைக்குத்தான் வந்தது. அவசரத்தில் அச்சிட்டு, சைக்கிளில் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு தாளில் வருகிற பட்டியல் மூன்று தாளில் வந்தது. புதியதில் எழுத்துப் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

மார்ச் 7, செவ்வாய்

காலையில் ஒரு வள்ளமும் போகவில்லை. முகாமில் மறித்துவிட்டார்கள். எட்டு மணிக்குத் தலைவர் பட்டியலோடு வந்தார். பதினொரு பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. போன கிழமைத் தாளில் இல்லாத பதினொரு பேர், விண்ணப்பம் இல்லாமல், ஒரே நாளில் எப்படி வந்தார்கள் என்று கேட்கிறார்களாம். யாருக்குப் பாஸ் எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம்.

ஹைட் பண்ணினதெல்லாம் வெளியே வந்திட்டுது. நான்தானே ஒண்டும் விடாதே எண்டனான்.

நாற்பத்தோராவது வரி. அருளம்பலம். அச்சில், கோட்டோடு. நாலு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரைத் தாளில் கண்டேன். கோபம் வரவில்லை எனக்கு, முதலில் வந்தது சந்தோசம். அந்த ஒரு நிமிடத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

"என்ன பிள்ளை இது, ஆர் போட்டது?" என்று தலைவர் கேட்டார்.

நான் சொன்னேன்: "புதுசா மாத்தினதில ஏதோ பிழை போல கிடக்கு."

அவர் போன் எடுத்துச் சரீப்பை வரச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, புதன்

சரீப்பைக் காலை ஒன்பது மணிக்கு முகாமுக்குள் கூப்பிட்டார்கள். பத்து. பதினொன்று. பன்னிரண்டரைக்குத் தலைவர் போய்க் கேட்டார், இருக்கச் சொன்னார்களாம். ஒரு மணிக்கு அவனுடைய உம்மா கந்தோருக்குப் போன் எடுத்தா. "மகன் சாப்பிட்டாரா?" என்று கேட்டா. ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

என்ன பொம்பிளை நான்.

நாலேகாலுக்கு வந்தான். அடிக்கவில்லை, கேள்விதான் என்றான். தண்ணீர் கேட்டு இரண்டு கிளாஸ் குடித்தான். தலைவர் வெளியே போன பிறகு, என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அக்கா, பழைய ஃபைல்ட கொப்பி ஒண்டு என்னட்ட இரிக்கி. ராத்திரி திறந்து பாத்த. அந்தப் பதினொரு பேரும் அதுக்குள்ள மறைச்சு வெச்சிருந்த வரி. நீங்கதான் வெச்சிருக்கீங்க."

நான் காலிக் கிளாசைக் கையில் எடுத்தேன்.

"நான் அங்க சொல்லல்ல. என்ட கைப்பிழை எண்டுதான் சொன்ன. நீங்க மறைச்சீங்க எண்டு சொன்னா அது வேற கதையாப் போகும். பொம்புளையளயும் கூப்பிடுவாங்க."

"ஏன் தம்பி இப்பிடிச் செய்தனீர்?"

"நாப்பத்தோராவது ஆள்ட வீட்டு விலாசமும் உங்கட விலாசமும் ஒண்டு அக்கா."

கடைசிப் பாதைக்கு நேரமாகிறதென்று போய்விட்டான். நான் கந்தோரைப் பூட்டாமலே வீட்டுக்கு வந்து, பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போனேன்.

மார்ச் 10, வெள்ளி

நேற்றுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "எனக்குச் சொல்லியிருக்கலாம், புஷ்பவதி" என்றார். பிள்ளை என்று சொல்லவில்லை.

இன்றைக்கு அவர் முகாமுக்குப் போய் வந்தார். அங்குள்ள பெரியவர் நிதானமான மனிதராம். பெட்டிக்குள் மாற்றியதில் பழைய பெயர்கள் வந்துவிட்டன என்பதை ஏற்றுக்கொள்கிறாராம். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள் வேண்டும். எட்டுப் பேருக்கு மரண அத்தாட்சி கொடுத்தாயிற்று. இந்தியாவுக்குப் போன இருவருக்கும் கிராம சேவகரின் கடிதம். பத்து முடிந்தது.

பதினொன்றாவதுக்குப் பொலிஸ் முறைப்பாடு போதாதாம். பாஸ் இன்னும் எங்கேயோ இருக்கிறது. ஆள் உயிரோடு இருந்தால் ஆளைக் காட்டு. இல்லை என்றால், கடலில் இறந்துவிட்டார் என்று நம்புவதாக மனைவி கையெழுத்து வைத்த கடிதம் கொடு, பாஸை ரத்துச் செய்கிறேன். அதுவரைக்கும் அறுபத்திரண்டு வள்ளமும் கரையில்.

தலைவர் இதைச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மேசையில் வைத்தார். அவரே இங்கிலீசில் எழுதுவித்துக் கொண்டு வந்திருக்கிறார். கையெழுத்து வையும் என்று சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, நாளைக்கு வாறன் என்று போனார்.

மார்ச் 11

ஐந்தாம் நாள், வள்ளம் இல்லை. கரையில் கருவாடு காயப்போடுகிற படங்கு எல்லாம் சுருட்டிக் கிடக்கிறது. முத்துமாரியம்மனுக்கு விளக்கு வைக்கப் போனேன். வழியில் கண்ட எல்லாரும் என்னோடு நல்லமாதிரிக் கதைத்தார்கள். ஒருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஒருத்தியாவது ஏசியிருக்கலாம்.

மார்ச் 12, ஞாயிறு

இராசதுரை வந்தான். அவன் வேறு ஆளின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன், அதுவும் இந்தக் கிழமை இல்லை. இரண்டு பிள்ளைகள். உள்ளே வராமல் வாசலில் நின்றான்.

"அண்ணி, நான் ஒண்டும் கேக்க வரேல்ல."

"பிறகென்னத்துக்கு வந்தனீ?"

"சும்மா வந்தனான்."

இருக்கச் சொன்னேன், இருந்தான். அந்த மூன்று நாளும் தான் எங்கெங்கே தேடினான் என்று சொன்னான். இதுவரை எனக்குச் சொல்லாதது. வள்ளத்தைக் கண்ட இடத்தில் இறங்கி நீந்திப் பார்த்தானாம். நீரோட்டம் அவனையே இழுத்ததாம். "அண்ணன் நல்லா நீந்துவான் எண்டு நீங்கள் நினைக்கிறியள். அந்தத் தண்ணியில ஏலாது அண்ணி." அதைச் சொல்லும்போது அவன் அழுதான். நான் அழவில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. நாலு மாதம் இதை வைத்துக்கொண்டு இருந்தானே என்று. பிறகுதான் யோசித்தேன், நான் எங்கே அவனைச் சொல்ல விட்டேன்.

மார்ச் 13

சரீப் போன் எடுத்தான். "அக்கா, என்னைத் திரும்ப முகாமுக்கு வரச் சொல்றாங்க வியாழக்கிழமை." குரல் வழமைபோல் இருந்தது. வழமைபோல் வைக்கப் பாடுபட்டான்.

மார்ச் 14, செவ்வாய்

கையெழுத்து வைத்தேன்.

காலை பத்து மணி. தலைவர், நான், இராசதுரை சாட்சி. கடிதம் ஏழு வரி. இங்கிலீஸ் என்றபடியால் எழுத்தை எழுத்தாகவே பார்க்க முடிந்தது. என் பெயர் எங்கே, இவர் பெயர் எங்கே என்று மட்டும் பார்த்தேன். பேனை நன்றாக எழுதியது.

அறுபத்திரண்டு வீடு. ஒரு தாய்க்கு ஒரு மகன், வியாழக்கிழமை. இதற்கு மேல் எனக்கு நியாயம் தெரியாது.

வெளியே வந்து இராசதுரை மெதுவாகக் கேட்டான், ஐயரிடம் நாள் பார்க்கவா, செய்யவேண்டியதைச் செய்வோமா என்று.

"கடதாசிக்குத்தான் கையெழுத்து வைச்சனான்" என்றேன்.

மார்ச் 15, புதன்

முகாமில் ஏற்றுக்கொண்டார்கள். புதுப் பட்டியல் கேட்டார்கள். சரீப் தானாகவே வந்திருந்தான், வியாழக்கிழமை வரத் தேவையில்லை என்று அவனுக்கும் சொல்லிவிட்டார்களாம்.

பதினொரு வரியையும் எடுக்கவேண்டும். நான் அவனைச் செய்யச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இதுலயும் மறைக்கிறது இரிக்கா எண்டு கேப்பீங்க. இரிக்கி. 'மறை' எண்டு எழுதியிரிக்கி. நான் காட்டித் தரமாட்டன்."

ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொரு தரமும் பெட்டி கேட்கிறது, 'இந்த வரியை அழிக்கவா?' என்று. கீழே ஆம், இல்லை. பத்துத் தரம் ஆம். பெயரை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் அழுத்தினேன், அவர்களுக்கு அந்த மரியாதையாவது வேண்டும். பதினொன்றாவதில் கை நின்றது. அழிக்கவா என்று தமிழில் கேட்டால் எப்படி ஆம் என்கிறது? கடைசியில் அழிக்கவில்லை. வள்ளத்தின் இலக்கம் அப்படியே இருக்க, சொந்தக்காரர் என்ற கட்டத்தில் அருளம்பலம் இருந்த இடத்தில் இராசதுரை என்று எழுதினேன். அவனுக்குப் புதுப் பாஸ் எடுக்கத் தலைவர் விண்ணப்பம் வைத்துவிட்டார்.

சரீப் பார்த்துக்கொண்டே நின்றான். "அது நல்லம் அக்கா" என்றான். பிறகு 'சேமி'யை அவனே அழுத்தினான்.

மார்ச் 16

ஐந்தரைக்கே எல்லா வள்ளமும் போய்விட்டன. சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ச் 29

இராசதுரைக்குப் பாஸ் வந்தது. இவரின் வள்ளத்து எஞ்சினைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். அறுபத்துமூன்று வள்ளம். நான் கரைக்குப் போகவில்லை, கந்தோரில் வேலை இருந்தது. வேலை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 13

நேற்றுப் பட்டினத்தில் சந்தையடியில் குண்டு. பிறகு கடைகள் எரிந்தன. புகை இங்கேயும் தெரிந்தது. சரீப்புக்குப் போன் எடுத்தேன், வீட்டில் இருக்கிறான். "நீங்க வெளிய போகாதீங்க அக்கா" என்று எனக்குச் சொல்கிறான். கடல் தடை. பட்டியல் கொடுத்தும் பிரயோசனம் இல்லை, கொடுத்தேன்.

மே 8

இன்றைக்குத்தான் கவனித்தேன், லினக்ஸ் போட்டதில் இருந்து பெட்டி ஒரு தரமும் நின்றதில்லை. 'அச்சிடு' எங்கே என்று இப்போது தேடுகிறதும் இல்லை. எந்தச் சனியனும் பழகிவிடும் போலிருக்கிறது.

யூன் 11, ஞாயிறு

விடியற்காலை ஊரைச் சுற்றிவளைத்தார்கள். வீடு வீடாகப் பதிவு. யார் யார் இருக்கிறீர்கள் என்று படிவத்தில் எழுதி, ஒரு பிரதியைக் கதவுக்குப் பின்னால் ஒட்டவேண்டுமாம். என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். எழுதினவன் சின்ன வயது, தமிழ் தெரியாது. எனக்குச் சந்தைச் சிங்களம்தான். என் பெயர், வயது, அட்டை இலக்கம் எல்லாம் எழுதினான். பிறகு கேட்டான்: "மகத்தயா கோ?"

வீட்டுக்காரர் எங்கே என்று. இந்தக் கேள்விக்கு ஏழு மாதமாக என்னிடம் ஒரு மறுமொழி இருந்தது, கடலுக்குப் போனவர் என்று. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கேட்டவர்களும் மேலே கேட்கமாட்டார்கள், இவன் கேட்பான். எப்போது வருவார் என்று கேட்பான், கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. பக்கத்து வளவில் இராசதுரையும் பதிவுக்கு நிற்கிறான்.

"மெருணா" என்றேன். செத்துப்போனார் என்பதற்கு எனக்குத் தெரிந்த சொல் அதுதான்.

"கவதா?"

எப்போது என்கிறான். "நவம்பர் பத்தொன்பது" என்றேன். எழுதினான். தலையை ஒரு தரம் ஆட்டினான், என்னைப் பார்த்து. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நாக்குத் தடக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கதவைச் சாத்திவிட்டுக் குசினியில் நின்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் எழுத இந்தக் கொப்பியை எடுத்தேன்.

என் மனுசன் அருளம்பலம், 2005 நவம்பர் 19, கடலில் செத்துப்போனார்.